மச்சான் கொடுத்த மாத்திரை

கீமோ நடக்கிற வீட்டுக்கு யாரும் வெறுங்கையோடு வருவதில்லை. ஆரஞ்சு, ஹார்லிக்ஸ் எல்லாம் பழைய காலம். இப்போது கோதுமைப்புல் பொடி, மஞ்சள் கேப்ஸ்யூல், ஒமேகா த்ரீ, பெரிய பெரிய டப்பாவில் புரோட்டீன் பவுடர். என் மனைவிக்குப் பெருங்குடலில் ஆபரேஷன் முடிந்து கீமோ ஆரம்பித்த மூன்று வாரத்தில் எங்கள் ஃப்ரிட்ஜ் மேல் பதினோரு டப்பா சேர்ந்துவிட்டது. எல்லாம் அன்பு. அதனால் தூக்கிப் போடவும் மனசு வராது.

அவளுக்கு இரண்டு மருந்து. ஆக்ஸாலிபிளாட்டின் 21 நாளைக்கு ஒருமுறை டிரிப்ஸில் ஏறும். கேப்சிடபின் மாத்திரை காலையும் மாலையும் 14 நாள், பிறகு ஒரு வாரம் ஓய்வு. முதல் மருந்தின் குணம் விசித்திரமானது. ஃப்ரிட்ஜில் இருந்த தயிர்க் கிண்ணத்தைத் தொட்டால் விரலில் கரண்ட் அடித்த மாதிரி இருக்கும். மதுரை வெயிலில் வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தாள், பாவம். இரண்டாவது மருந்தால் வயிற்றுப்போக்கு வரலாம், உள்ளங்கையும் பாதமும் சிவக்கலாம் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள்.

இரண்டாவது சுற்றில் சொன்னதைவிட அதிகமாகவே வந்தது. ஒரு நாளைக்கு எட்டுத் தடவை. பாதத்தில் தோல் உரிந்து, சுவரைப் பிடித்துக்கொண்டுதான் அடுப்படிக்குப் போவாள். டாக்டர் ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "வேற என்னம்மா சாப்பிடுறீங்க?" என்றார். "ஒண்ணுமில்ல சார்" என்றவள், கொஞ்ச நேரம் கழித்துக் கைப்பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து மேஜை மேல் வைத்தாள். ஃபோலிக் ஆசிட், 5 மில்லிகிராம். அவள் அண்ணன் வாங்கிக் கொடுத்தது. மூன்று வாரமாகத் தினம் ஒன்று போட்டிருக்கிறாள். எனக்கே அப்போதுதான் தெரியும்.

மச்சான் விவரம் தெரியாதவர் இல்லை. அவரோடு வேலை பார்த்த ஒருவருக்கு நுரையீரல் புற்றுநோய். பெமெட்ரெக்செட் என்ற மருந்து ஏற்றினார்கள். டாக்டரே அவருக்குத் தினம் ஃபோலிக் ஆசிட் மாத்திரையும், ஒன்பது வாரத்துக்கு ஒரு பி-12 ஊசியும் எழுதியிருந்தார். அந்த மருந்துக்கு அதுதான் முறை. ஆரம்பகாலச் சோதனைகளில் அதன் கடுமை தாங்காமல் சிலர் இறந்துபோன பிறகு, இந்த இரண்டு விட்டமினையும் கட்டாயமாகச் சேர்த்தார்கள். பக்கவிளைவு நன்றாகக் குறைந்தது. நண்பர் தெம்பாக நடமாடுவதை மச்சான் கண்ணால் பார்த்தார். விட்டமின்தானே, தங்கச்சிக்கும் ஆகட்டும் என்று வாங்கி வந்துவிட்டார்.

கேப்சிடபின் விஷயம் நேர் எதிர். அது உடம்புக்குள் போய் 5-எஃப்யூ என்ற மருந்தாக மாறுகிறது. செல்கள் பெருகுவதற்கு வேண்டிய ஒரு என்சைமைப் பிடித்து நிறுத்துவது அதன் வேலை. உடம்பில் ஃபோலேட் கூடினால் அந்தப் பிடி இன்னும் இறுகும். டாக்டர்களே சில சிகிச்சைகளில் லூகோவோரின் என்ற ஃபோலேட்டை அளந்து 5-எஃப்யூவோடு ஏற்றுவதுண்டு. அது கணக்குப் போட்டுக் கொடுப்பது. கணக்கில்லாமல் சேர்ந்தால் குடலும் கைகால் தோலும் அடி வாங்கும். "முழுக்க இதனாலதான்னு சொல்ல மாட்டேன். ஆனா இன்னையோட நிறுத்துங்க" என்றார் டாக்டர். உடம்பு தேறும்வரை கேப்சிடபினையும் நிறுத்தி, பிறகு அளவைக் குறைத்தார்.

ஃபோலிக் ஆசிட்டுக்கும் புற்றுநோய்க்கும் உறவு பழசு. நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ், அமெரிக்காவில் லெடர்லி கம்பெனியில் அதைச் செயற்கையாகத் தயாரித்த குழுவுக்குத் தலைவர். பாஸ்டனில் சிட்னி ஃபார்பர், ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு அந்த வகை விட்டமினைக் கொடுத்தபோது நோய் வேகமெடுப்பதாகக் கண்டார். அப்படியானால் அதைத் தடுத்துப் பார்த்தால் என்ன? சுப்பாராவ் குழு செய்து கொடுத்த அமினாப்டெரின் அந்தத் தடுப்பு வேலையைச் செய்தது. 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாக அடங்கியது என்று 1948-இல் ஃபார்பர் எழுதினார். கீமோ சிகிச்சையின் தொடக்கங்களில் அதுவும் ஒன்று.

விரல் மரத்துப்போவதற்கு அசிட்டைல் கார்னிட்டின் தரலாமா என்று என் மகன் கேட்டான். நரம்புக்கு நல்லது என்று விற்கிறார்கள். மார்பகப் புற்றுநோய்க்கு டாக்ஸேன் வகை மருந்து எடுத்த 409 பெண்களிடம் அதைச் சோதித்து 2013-இல் வெளியிட்டார்கள். மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 24 வாரத்தில் மரமரப்பு கூடியிருந்தது! எங்களுடையது வேறு மருந்துதான். இருந்தாலும் டாக்டர் வேண்டாம் என்றுவிட்டார். இஞ்சிக்கு மட்டும் கொஞ்சம் ஆதரவு இருக்கிறது. வாந்திக்கான வழக்கமான மருந்தோடு அரை கிராமிலிருந்து ஒரு கிராம்வரை எடுத்தவர்களுக்கு முதல் நாள் குமட்டல் குறைந்ததாக ஒரு பெரிய அமெரிக்கச் சோதனை சொன்னது. டாக்டரிடம் கேட்டோம். சமையலில் சேர்க்கிற அளவு போதும், கேப்ஸ்யூல் வேண்டாம் என்றார்.

மச்சானிடம் யார் சொல்வது என்பதுதான் பெரிய பாடாக இருந்தது. கடைசியில் அவளே போன் போட்டாள். "அண்ணே, ஒங்க ஃப்ரெண்டு மருந்து வேற, ஏன் மருந்து வேற. அவருக்கு ஒத்துக்கிட்டது எனக்கு ஆகலண்ணே." அந்தப் பக்கம் வெகுநேரம் சத்தமே இல்லை. பிறகு, "நான் கெடுதல் பண்ணிட்டனா தாயி?" என்று கேட்டாராம். அவள் அழுதுவிட்டாள்.

ஒரு வாரம் கழித்து மெடிக்கல் ஷாப்பிலிருந்தே என்னைக் கூப்பிட்டார். "மாப்ள, வாசலின் வாங்கலாம்ல? அதுல ஃபோலிக் ஆசிட் இருக்காதுல்ல?" காலுக்குப் பூசத்தான் கேட்டார். சாயங்காலம் இரண்டு டப்பாவும், மெத்தென்று ஒரு ஜோடி ரப்பர் செருப்பும் கொண்டுவந்தார். செருப்பு ஒரு நம்பர் பெரிசு. வீங்கியிருந்த காலுக்கு அதுதான் சரியாக இருந்தது.