பத்தாம் நாளின் வீடு

கிறிஸ்தவ மரபில் அருள் எனப்படுவது, பெறுபவரின் தகுதியையோ அவரால் விளையக்கூடிய பயனையோ கணக்கில் கொள்ளாமல் இறைவன் வழங்கும் கொடையாகும். அதைப் பெற்றவர்கள் அவ்வாறே பிறருக்கும் வழங்க வேண்டும் என்று திருச்சபை போதிக்கிறது. மறையுரைகளில் அடிக்கடி ஒலிக்கும் இக்கருத்து, பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் மாகாணத்திலுள்ள கேல் என்னும் ஊரில் 500 ஆண்டுகளுக்கும் மேலாகக் குடும்ப வழக்கமாக இருந்து வருகிறது. அங்குள்ள குடும்பங்கள் தமக்கு எவ்வித உறவும் இல்லாத மனநோயாளிகளைத் தம் வீட்டில் ஏற்று, பல ஆண்டுகள், சில வேளைகளில் அவர்களது வாழ்நாள் முடியும்வரை, உடன் வைத்து வாழ்கின்றன.

இவ்வழக்கம் ஒரு புனிதையின் கதையில் வேர்கொண்டது. 7ஆம் நூற்றாண்டில் அயர்லாந்து அரசன் ஒருவன், மனைவியை இழந்த துயரில் மதிகலங்கித் தன் மகள் திம்ப்னாவையே மணக்க முற்பட்டதாகவும், தப்பியோடிய அவளைக் கேலில் கண்டுபிடித்து வெட்டிக் கொன்றதாகவும் மரபுக்கதை கூறுகிறது. பித்தேறியவனின் கையால் மடிந்த அவள் மனநோயாளிகளின் பாதுகாவலியாகப் போற்றப்பட்டாள். அவள் பெயரில் 14ஆம் நூற்றாண்டில் எழத் தொடங்கிய ஆலயத்துக்கு நோயாளிகள் தொலைவிடங்களிலிருந்தும் அழைத்துவரப்பட்டனர். ஆலயத்தை ஒட்டிக் கட்டப்பட்ட நோயாளர் அறையில் தங்கி, நவநாள் எனப்படும் ஒன்பது நாள் மன்றாட்டில் பங்கேற்று, புனிதையின் எலும்புகள் வைக்கப்பட்ட பேழைக்கு அடியில் தவழ்ந்து செல்வது முறையாக இருந்தது. ஆனால் வருவோர் தொகை அந்த அறையின் கொள்ளளவை மீறியது. நவநாள் முடிந்தும் குணம் காணாத பலர் ஊரிலேயே விடப்பட்டனர். ஆலயக் குருக்கள் அவர்களைச் சுற்றுவட்டார விவசாயக் குடும்பங்களில் தங்கவைத்தனர். ஆலயத்துக்குள் இடம் போதாமற்போனதே அன்பு வெளியேறிச் செல்ல வழியாயிற்று.

தமிழ்நாட்டிலிருந்து கேலுக்குச் சென்ற பயணி ஒருவர் இரு முன்முடிவுகளைச் சுமந்து சென்றார். பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார் என்று அறியாமலே வாழ்நாளைக் கழிப்பவர்கள் ஐரோப்பியர் என்பது ஒன்று. நலிந்தோரை வீட்டில் வைத்துப் பேணுவது தமிழருக்கே உரிய பண்பு என்பது மற்றொன்று. மாலையிலேயே வெறிச்சோடிய தெருக்களும் இழுத்துச் சாத்திய கதவுகளும் முதல் எண்ணத்தை உறுதிப்படுத்துவனபோல் தோன்றின. அதைக் கலைத்தது, அறிமுகமானவர் ஒருவர் வழியாக அவ்வூர்க் குடும்பம் ஒன்றின் வீட்டில் அமைந்த இரவுச் சாப்பாடு.

நண்பகலில்தான் சமைத்த உணவு. இரவில் ரொட்டி, வெண்ணெய், பாலாடைக்கட்டி, காப்பி என்பது அக்குடும்பத்தின் வழக்கம். மேசையில் வீட்டுத் தலைவியும் அவர் மகளும் அறுபது வயதைக் கடந்த ஒருவரும் இருந்தனர். தலைவியின் தாய் காலத்தில் அவ்வீட்டுக்கு வந்த அம்மனிதர், தாய் இறந்தபின் மகளின் பொறுப்பாகத் தொடர்ந்தவர். அவர், பொதுத் தட்டிலிருந்த ரொட்டித் துண்டுகள் அனைத்தையும் தம் பக்கம் இழுத்து அடுக்கத் தொடங்கியதும் தலைவி உரத்த குரலில் கடிந்துகொண்டார். அவரும் விடாமல் அதே குரலில் திருப்பிப் பேசினார். அம்மா இருந்தவரை இந்த வீட்டில் ரொட்டி இப்படி மெல்லிசாக வெட்டப்பட்டதே இல்லை என்பது அவர் குற்றச்சாட்டு என்று மகள் ஆங்கிலத்தில் விளக்கினாள். தலைவி எழுந்து சென்று, தடித்த துண்டுகள் இரண்டை வெட்டி வந்து அவர் தட்டில் பொத்தென்று போட்டபின் சண்டை ஓய்ந்தது.

கனிவான சொற்களையும் தாழ்ந்த குரலையும் எதிர்பார்த்திருந்த பயணிக்கு இது அதிர்ச்சியாகவே இருந்தது. பிறகுதான் அதன் பொருள் துலங்கியது. பிச்சையாகக் கிடைத்த சோற்றில் உப்பில்லை என்று எவரும் சொல்வதில்லை. அப்படிச் சொல்லும் உரிமை வீட்டு மனிதருக்கு மட்டுமே உண்டு. அவருக்கு என்ன நோய் என்று பயணி பின்னர் வினவியபோது, மருத்துவமனை அதைச் சொன்னதுமில்லை, தாம் கேட்டதுமில்லை என்றும், அவர் காப்பியைத் தொடாமல் வைத்துவிட்டால் அன்றே செவிலியருக்குச் சொல்லிவிட வேண்டும் என்பது தமக்குத் தெரியும் என்றும் தலைவி விடையளித்தார். நோயின் பெயரைக் குடும்பத்துக்குத் தெரிவிக்காமலிருப்பது அங்கு நெடுங்காலமாகப் பின்பற்றப்படும் முறையாகும்.

இக்குடும்பங்களுக்கு அரசு உதவித்தொகை தருகிறது. முற்காலத்தில் நோயாளிகளின் உழைப்பும் வயல்களுக்குப் பயன்பட்டது. ஆகவே இது அன்பு எனத் தகுமா என்ற ஐயம் இயல்பானது. நல்ல சமாரியன் உவமை இதற்கு விடை தருகிறது. அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கிச் சென்ற சமாரியன் மறுநாள் தன் வழியே சென்றான். தொடர்ந்து பார்த்துக்கொள்ளும் பொறுப்பு, இரண்டு தெனாரியம் பெற்றுக்கொண்ட சாவடிக்காரனிடம் விடப்பட்டது. செலவுக்குப் பணம் பெறுவதால் அந்தப் பராமரிப்பு சிறுமைப்படுவதில்லை.

கேலின் வரலாறும் களங்கமற்றதன்று. 1821இல் அங்கு வந்த பிரெஞ்சு மனநல மருத்துவர் எஸ்கிரோல், விலங்கிடப்பட்ட நோயாளிகளையும் கண்டார். விலங்கு என்றதும் தமிழர் நெஞ்சில் எழுவது ஏர்வாடி: 2001 ஆகஸ்ட் 6 அன்று, தர்காவை அண்டித் தனியார் நடத்திய காப்பகத்தில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் மாண்டனர். புளியம்பட்டி அந்தோணியார் ஆலயம் போன்ற கிறிஸ்தவத் திருத்தலங்களுக்கும் மனநோயாளிகள் குணம் கிடைக்கும் என்ற இதே நம்பிக்கையுடன் அழைத்துவரப்படுகின்றனர். நம்பிக்கையோடு வந்து சேர்வதில் கேலும் தமிழகமும் வேறுபடவில்லை. குணமாகாதவர் அன்றிரவு எங்கே உறங்குகிறார் என்பதில்தான் வேறுபட்டன. தன் இரத்த உறவைப் பேணும் தமிழ்க் குடும்பத்தின் பண்பு உயர்ந்ததே. ஆயினும் முன்பின் அறியாதவர் வாசலில் நிற்கும்போது அப்பண்பு தயங்கி நின்றுவிடுகிறது.

1930களின் இறுதியில் 3,700ஐக் கடந்திருந்த, கேல் குடும்பங்களில் தங்கிய நோயாளிகளின் தொகை இன்று மிகவும் சுருங்கிவிட்டது. குடும்பங்கள் சிறுத்தன, பெண்கள் வெளி வேலைக்குச் சென்றனர், புதிய மருந்துகளால் பலர் தனித்து வாழவும் முடிகிறது. 2023இல் யுனெஸ்கோ இவ்வழக்கத்தை நற்பாதுகாப்பு நடைமுறைகளின் பதிவேட்டில் சேர்த்தது. பல தலைமுறைகளாக வளர்ந்த ஒன்றைத் தமிழகப் பங்குகளில் ஆணையிட்டு உண்டாக்க இயலாது. ஆனால் குணமளிக்கும் வழிபாடு நடத்தும் ஒவ்வொரு பங்கும், நவநாள் முடிந்த பத்தாம் நாளில் குணமின்றித் திரும்புவோருக்காக எந்த வீட்டின் கதவு திறக்கும் என்று தன்னையே கேட்டுக்கொள்ள இயலும், கேட்கவும் வேண்டும். குணமானால்தான் அன்பு என்ற நிபந்தனையை அருள் ஏற்பதில்லை.