தோளைக் கேளுங்கள்

நெடும்பயணத்திற்கு எந்தக் கேமரா லென்ஸை எடுத்துச் செல்வது என எண்ணுகிறீர்களா? கடைக்காரரைக் கேட்குமுன் உங்கள் தோளைக் கேளுங்கள். முதல் நாள் இலேசாகத் தோன்றும் பை பத்தாம் நாள் பாறையாய்க் கனக்கும். சுமக்க முடியாமல் விடுதி அறையில் விட்டுச் சென்ற லென்ஸ், எத்துணை உயர்ந்ததாயினும், ஒரு படமும் எடுக்காது.

துருக்கியில் ஒரு மாதம் சுற்றியபோது நான் கொண்டு சென்றவை இரண்டே: 24 மி.மீ., 50 மி.மீ. இஸ்தான்பூலில் 1557இல் கட்டி முடிக்கப்பட்ட சுலைமானியாப் பள்ளிவாசலின் உட்புற விரிவை முன்னது அள்ளிற்று. முழுச்சட்டகக் கேமராவில் அதன் பார்வைக் கோணம் ஏறத்தாழ 84 பாகை. அந்தி மங்கிய கடைத்தெருவில் பின்னது கைகொடுத்தது. அதன் எஃப் 1.8 துளை, எஃப் 5.6ஐக் காட்டிலும் ஏறத்தாழப் பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும்.

தொலைவிலுள்ளதை அருகில் காட்டும் லென்ஸ் வேண்டாவோ என்பீர்கள். பறவையையும் விலங்கையும் தேடிச் செல்வோர்க்கு அது இன்றியமையாதது. மனிதரைத் தேடிச் சென்ற எனக்கோ அது இல்லாததே நன்மையாயிற்று. முகம் வேண்டுமெனில் அருகில் செல்ல வேண்டும். சென்றால் ஸலாம் உரைத்து அனுமதி கேட்க வேண்டும். புர்ஸாவில் ரொட்டி விற்ற முதியவர் படத்திற்கு இசைந்ததோடு தேநீரும் தந்தார். அவருடைய அந்தப் புன்னகையைத் தொலைவில் மறைந்து நின்று எடுத்திருக்க இயலுமா? ஹென்றி கார்ட்டியர் பிரெஸ்ஸான் பெரும்பாலும் 50 மி.மீ. லென்ஸையே நம்பியதன் பொருள் அன்று எனக்கு விளங்கிற்று.

புறப்படுமுன் பையைச் சுமந்து ஒரு நாள் முழுதும் உங்கள் ஊரிலேயே நடந்து பாருங்கள். அன்று கைபடாத லென்ஸை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.