தலையணை உறை

வகுப்புப் படம் எடுக்கும் நாளன்று என் மகள் வயிற்று வலி என்று படுத்துக்கொண்டாள். இரண்டாம் படிவம் படிக்கிறாள். முகம் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது. நான் போர்வையை விலக்கிப் பார்த்துவிட்டு, யோசிக்காமல் சொன்னேன்: "ராத்திரியெல்லாம் முழிச்சிருந்து போன் பாத்தா இப்படித்தான் வரும். ஒழுங்கா மூஞ்சி கழுவறியா நீ?"

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. அது என் பாட்டி பேசுகிற மாதிரியே இருந்தது.

1996இல் நான் மூன்றாம் படிவம். பி.எம்.ஆர். தேர்வு ஆண்டு. சுங்கை சிப்புட்டில் எங்கள் வீடு. நெற்றியில் தொடங்கிய பரு கன்னம், தாடை என்று இறங்கி வந்தது. வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரும் ஒரு காரணம் வைத்திருந்தார்கள். பாட்டிக்கு அது சூட்டு உடம்பு. கோழி சாப்பிடக் கூடாது. மாமாவுக்கு அது அழுக்கு. பக்கத்து வீட்டு அக்கா, "யார நெனச்சிக்கிட்டு இருக்க?" என்று சிரிப்பார். அம்மா சூடு தணியட்டும் என்று தலை நிறையத் தேங்காய் எண்ணெய் வைத்துப் பின்னிவிடுவார். ராத்திரி மஞ்சளும் பெடாக் செஜோக்கும் குழைத்துப் பூசுவார். நான் ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை சோப்புப் போட்டுத் தேய்த்தேன். தோல்தான் எரிந்தது. அந்த ஆண்டின் வகுப்புப் படத்தில் நான் இல்லை.

தீபாவளிக்கு ஒன்றரை மாதம் இருக்கும்போது அம்மா பசார் மாலாமிலிருந்து ஒரு குட்டி டப்பா வாங்கி வந்தார். மஞ்சள் களிம்பு. பேர் இல்லை, ஊர் இல்லை. 12 வெள்ளி. அப்பா லாரி ஓட்டிய காலம்; அது சின்னத் தொகை இல்லை.

ஒரே வாரத்தில் பரு அமுங்கியது. முகமும் வெளுத்தது. பரு போனதைவிட நான் வெளுத்ததற்குத்தான் வீட்டில் அதிகம் மகிழ்ந்தார்கள். தீபாவளிக்கு வந்த சொந்தக்காரர்கள், "புள்ள கலராயிட்டாளே!" என்றார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

டப்பா தீர்ந்தது. விற்ற அம்மாள் அப்புறம் அந்தப் பக்கம் வரவே இல்லை. இரண்டு வாரத்தில் முகம் சிவந்து எரிய ஆரம்பித்தது. முன்பு பரு இல்லாத இடத்தில்கூட ஒரே அளவில் பொரிப்பொரியாகக் கிளம்பியது.

அரசாங்க கிளினிக்கில் மலாய்க்கார டாக்டர் ஒருவர் இருந்தார். காலி டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதில் ஸ்டீராய்ட் கலந்திருக்கலாம் என்றார். அது வீக்கத்தை அமுக்கும், பருவின் காரணத்தைத் தொடாது. நிறுத்தினால் எல்லாம் திரும்பி வரும். தொடர்ந்து போட்டால் தோல் மெலிந்துபோகும். பிறகு ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். பருவ வயதில் ஹார்மோன் கூடுகிறது. தோலின் எண்ணெய்ச் சுரப்பிகள் அதிகமாகச் சுரக்கின்றன. உதிரும் செல்களோடு அந்த எண்ணெய் சேர்ந்து துளையை அடைக்கிறது. அங்கே எப்போதும் இருக்கிற பாக்டீரியா பெருகி, வீங்குகிறது. கரும்புள்ளிகூட அழுக்கில்லை, அடைப்பின் மேல்பகுதி கறுத்துப்போவதுதான். தேய்ப்பதால் ஒன்றும் ஆகாது, தோல்தான் கெடும். தலை எண்ணெய் நெற்றியில் இறங்கினால் துளை இன்னும் அடைபடும்.

நான் ஒவ்வொன்றாக அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். கடைசியில் டாக்டர், "இதை யார் வாங்கிக் கொடுத்தது?" என்று மலாயில் கேட்டார்.

"பள்ளிக்கூடத் தோழி" என்றேன்.

அம்மா ஒன்றும் பேசவில்லை. கைப்பையின் வாரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

டாக்டர் பென்சாயில் பெராக்சைட் களிம்பு கொடுத்தார். பருவின் மேல் மட்டும் வைக்காமல், பரு வருகிற இடம் முழுக்க மெல்லிசாகப் போட வேண்டும். கிள்ளக் கூடாது. மாற்றம் தெரிய இரண்டு மாதமாவது ஆகும். மூன்றாம் நாள் காலை அம்மா என் நீலத் தலையணை உறையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். திட்டுத்திட்டாக வெளுத்திருந்தது. "துணியவே வெளுத்துடுச்சி, மூஞ்ச என்னா பண்ணும்?" மறுபடியும் கிளினிக்குக்குப் போனோம். அது துணிச் சாயத்தைத்தான் வெளுக்கும், தோலை வெளுக்காது என்று டாக்டர் சிரித்தார். பரு அடங்கியது. கறுப்புத் தழும்புகள் மறைய அதற்கு மேல் ஓராண்டு பிடித்தது. நம் மாதிரி மாநிறத் தோலில் அவை அதிக நாள் தங்கும்.

இதையெல்லாம் பட்டவள்தான் நான். அன்றைக்குக் காலையில் மகளிடம் அப்படிப் பேசியதும் நான்தான். மன்னிப்புக் கேட்டேன். அவள் பதில் சொல்லாமல் கைப்பேசியை நீட்டினாள். இணையக் கடைக் கூடையில் ஏழே நாளில் முகம் வெளுக்கும் என்கிற களிம்பு ஒன்று கிடந்தது. பணம் கட்டுவதுதான் பாக்கி.

பசார் மாலாம் இப்போது கைக்குள் வந்துவிட்டது. பாதரசம், ஹைட்ரோகுவினோன், டிரெட்டினோயின், ஸ்டீராய்ட் கலந்த அழகுக் களிம்புகளைப் பற்றி நம் சுகாதார அமைச்சு எத்தனையோ தடவை எச்சரித்துவிட்டது. ஆனாலும் பதினான்கு வயதுக்கு ஏழு நாள்தான் பெரிசு. இரண்டு மாதம் காத்திரு என்று சொல்கிறவர்கள் கூடவே நின்றால்தான் அந்தப் பிள்ளை காத்திருக்கும்.

கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். இப்போது அடாபலீனும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். முதல் சில வாரம் தோல் காயும், உரியும், பயப்படாதே என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். ஆழமான கட்டியோ குழிவிழும் வடுவோ வந்தால் தாமதிக்காமல் தோல் நிபுணரிடம் போக வேண்டும். டாக்டர் அவளிடம், "ஸ்கூலுக்குப் போகப் பிடிக்குதா?" என்று கேட்டார். அவள் அழுதுவிட்டாள். ஆறு மாதமாக நான் கேட்காத கேள்வி அது.

அன்று மாலை அம்மா வரவேற்பறையில் உட்கார்ந்து களிம்புப் பெட்டியைப் புரட்டிக்கொண்டிருந்தார். எழுபதைத் தாண்டிவிட்டார்.

"அன்னிக்கி டாக்டர்கிட்ட தோழின்னு சொன்னியே..."

நான் நிமிர்ந்தேன்.

"எனக்கு அவ்ளோகூடவா மலாய் தெரியாது?"

இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் அதை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். என்ன சொல்வதென்று தெரியவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்:

"நாளைக்கிக் கடைக்குப் போனா வெள்ள உற ரெண்டு வாங்கிட்டு வா. கலர் உற வீணாப் போயிடும்."