தன் பெயரில் ஓர் எண்

1983 ஆம் ஆண்டின் பின் ரொறன்ரோவிற் குடியேறிய இலங்கைத் தமிழர் பலர்க்கு முதல் வழிகாட்டி, முன்னரே வந்திருந்த ஊரவர்தாம். இன்று வருவோர்க்கும் அதுவே உண்மை; எனினும் சிலவற்றை உறவினர் பொறுப்பில் விடுதல் தகாது. அவற்றுள் முதன்மையானது ஒன்பது இலக்கங்கொண்ட சமூகக் காப்புறுதி எண். 2014 முதல் அதற்கு அட்டை வழங்கப்படுவதில்லை. அவ்வெண் 9 இல் தொடங்குமாயின் தற்காலிகமானது. நிரந்தர வதிவுரிமை கிடைத்ததும் புதியதற்கு விண்ணப்பித்தல் வேண்டும். வீட்டு உரிமையாளர் கேட்பினும் கொடுத்தேயாகவேண்டும் என்பதில்லை. மாமன் பெயரிற் தொலைபேசி, மைத்துனன் பெயரில் வாடகை ஒப்பந்தம் என வாழ்பவனுக்குப் பத்தாண்டு சென்றும் கடன் வரலாறு உருவாகாது. சிறுதொகைக் கடனட்டை ஒன்றைத் தன் பெயரிற் பெற்று, மாதந்தோறும் முழுவதையும் செலுத்துதல் நன்று. ஊருக்குப் பணம் அனுப்பும் அவசரம் எவர்க்கும் விளங்குவதே; அதற்கென அவ்வட்டையிற் காசெடுத்தல் மட்டும் ஆகாது. வட்டி அன்றே ஏறத் தொடங்கிவிடும்.