மணியோடு வேப்பேரிக்கு

"வயசாயிடுச்சு, இனிமே அப்படித்தான்" என்று அக்கம்பக்கத்தார் சொன்னதை நானும் நம்பிவிட்டேன். எங்கள் மணிக்கு 12 வயது. பின்னங்கால் இரண்டும் வழுக்கி, தண்ணீர்க் கிண்ணத்தண்டை போகவே திண்டாடினான். வாசற்படி இறங்க முடியாமல் என்னைப் பார்த்தானே ஒரு பார்வை! மறுநாளே ஆட்டோ வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

எழும்பூர் ரயிலடிக்குக் கொஞ்ச தூரத்தில்தான் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி. 1903-ல் சைதாப்பேட்டையில் தொடங்கி, பிறகு இங்கே வந்ததாம். பழைய சிவப்புக் கட்டடத்தைப் பார்த்தால் கோர்ட் என்றுதான் நினைப்பீர்கள். சிகிச்சைக்குக் காத்திருந்த இடத்திலோ மடியில் பூனை, கூடையில் கோழி, கயிற்றில் ஆடு! "உங்களதுக்கு என்னங்க?" என்று பிரசவ ஆஸ்பத்திரி மாதிரி ஒரே விசாரிப்பு.

எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டரம்மா, இடுப்பு மூட்டுத் தேய்மானம் என்றார். தேய்ந்தது திரும்பாது, ஆனால் படுத்தே கிடந்தால் தொடைச் சதையும் கரைந்துவிடுமாம். இளஞ்சூட்டில் 10 நிமிஷம் ஒத்தடம், பிறகு காலை மெல்ல மடக்கி நீட்டுவது, அடிக்கடி சின்னச் சின்ன நடை. என் கையைப் பிடித்தே சொல்லிக் கொடுத்தார். தண்ணீரில் நடப்பது இன்னும் விசேஷம். இடுப்பளவுத் தண்ணீரில் உடம்புக் கனத்தில் சுமார் 38 சதவீதம்தான் காலில் இறங்குமாம். எங்கள் தெருவில் குளத்துக்கு எங்கே போவது? மனுஷருக்கான வலி மாத்திரை கூடவே கூடாது என்றபோது, முன்பு பாதி கொடுத்ததை மென்று விழுங்கிச் சொன்னேன். நல்ல திட்டு கிடைத்தது.

மொசைக் தரை முழுக்கக் கோணி விரித்தாயிற்று. வீடு ரேஷன் கடை மாதிரி இருக்கிறது என்கிறார் இவர். மூன்றாவது வாரம், பால்காரர் குரல் கேட்டு மணி தானாகவே எழுந்து வாசல்வரை போனான்.