பெஷாவின் கொட்டைக் கன்றுகள்

ஜாடியில் உப்புநீரில் ஊறும் ஆலிவ் காயின் கொட்டையை எவ்வளவு பக்குவமாகப் புதைத்தாலும் முளைக்காது. கசப்பு போகக் காரத்திலும் உப்பிலும் போட்டு எடுக்கும்போதே உள்ளே இருக்கும் பருப்பு செத்துவிடுகிறது. வீட்டில் விதை போட்டுப் பார்த்துச் சோர்ந்துபோனவர்களில் பலர் இங்கேதான் தவறியிருப்பார்கள். மரத்திலிருந்து புதிதாகப் பறித்த பழத்தின் கொட்டை வேண்டும். அதற்கும் பொறுமை வேண்டும்.

இந்தப் பொறுமையையே தொழிலாக வைத்திருக்கும் ஊர் பெஷா. இத்தாலியின் டஸ்கனியில், லூக்காவுக்கும் பிஸ்தோயாவுக்கும் நடுவே, மலையடிவாரத்தில் இருக்கிறது. பூ வியாபாரத்துக்குப் பேர்போன ஊர். பக்கத்திலுள்ள கொலோடி கிராமத்தின் பெயரைப் புனைபெயராக வைத்துக்கொண்டவர்தான் பினோக்கியோவை எழுதினார் என்பதால் பயணிகள் அங்கே திரும்பிவிடுகிறார்கள். நான் போனது ஆலிவ் நாற்றங்கால்களுக்கு. இன்று உலகத்தில் பெரும்பாலான ஆலிவ் கன்றுகள் குச்சியைப் பனிப்புகை அறையில் வேர்விட வைத்தே உருவாகின்றன. பெஷாவில் கொட்டையை முளைக்கவைத்து, அந்தக் கன்றின்மேல் நல்ல ரகத்தை ஒட்டும் பழைய முறையை இன்னும் விடவில்லை.

விதையைப் பார்த்துக்கொள்பவர் ஒரு வயதான அம்மா. நண்பர் மொழிபெயர்க்க, சாக்கிலிருந்து ஒரு கை கொட்டை அள்ளிக் காட்டினார். எல்லாம் சிறியவை. பெரிய காய் ரகங்களின் கொட்டை சரியாக முளைப்பதில்லை என்பதால் சின்னக் காய் ரகங்களையே விதைக்கு எடுக்கிறார்கள். சதையை நீக்கியபின் கொட்டைமேல் படிந்த எண்ணெயைப் போக்க நீர்த்த காஸ்டிக் சோடாவில் கழுவி, நல்ல தண்ணீரில் திரும்பத் திரும்ப அலசி, நிழலில் உலர்த்தி, கோடை முடியும்போது விதைக்கிறார்கள். எண்ணெய் இருந்தால் தண்ணீர் உள்ளே இறங்காது, பூஞ்சணமும் பிடிக்கும்.

"வீட்டில் செய்வதென்றால் இப்படி" என்று சின்ன இடுக்கியை எடுத்தார். கொட்டையின் ஒரு முனையை மட்டும் பற்றி, மெல்ல அழுத்தி, ஓட்டின் ஒரு சில்லைப் பெயர்த்தார். உள்ளே வெளுத்த பருப்பின் ஓரம் தெரிந்தது. அதில் கீறல் படக்கூடாது. பட்டால் அந்தக் கொட்டை குப்பைக்கு. இதை ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்து, ஈர மணலில் கலந்து, 10 முதல் 15 டிகிரி குளிரில் ஒரு மாதம் வைத்தபிறகு விதைக்கலாம். கிள்ளாமல் போட்டால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், அதுவும் ஒன்று முளைக்கும், ஒன்று முளைக்காது.

முளைத்து வந்த கன்றுகளைப் பார்த்தால் ஆலிவ் என்றே சொல்லமாட்டோம். இலை குட்டை, நெருக்கம், கிளையெல்லாம் காட்டுச்செடியின் முரட்டுத்தனம். பக்கத்துப் பாத்தியில் ஒட்டுக் கன்றுகள் நீண்ட வெள்ளி இலையோடு நிற்கின்றன. விதைக்கன்று தாயைப்போல இருக்காது. காற்றில் வரும் மகரந்தத்தால் காய்க்கும் மரம் இது, பல ரகங்கள் தன் மகரந்தத்தை ஏற்பதில்லை. ஆகவே ஒவ்வொரு கொட்டையும் புது மரம். அது காய்க்கத் தொடங்க 10, 12 ஆண்டுகள்கூட ஆகலாம். சென்னை மொட்டைமாடியில் வைத்தால் காய்க்குமா என்று கேட்டேன். உங்கள் ஊரில் குளிர்காலம் உண்டா என்று திருப்பிக் கேட்டார். இல்லையென்றேன். குளிர் படாமல் பூ வராது, இலைக்காக வளர்த்துக்கொள்ளலாம் என்றார்.

ஒட்டு வேலை நடக்கும் வசந்தகாலம் அது. சாறு ஏறிப் பட்டை கழலும் வாரங்கள். ஒட்டுக்காரர் பெரியவர், முழங்காலுக்கு அடியில் சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டு வரிசையில் நகர்ந்தார். பென்சில் கனமுள்ள தண்டைத் தரையை ஒட்டி வெட்டினார். பட்டையில் மேலிருந்து கீழாக ஒரு கீறல். ஃபிரான்தோயோ ரகத்தின் ஒட்டுக்குச்சியில் ஒரு கணு, எதிரெதிரே இரண்டு மொட்டு. அடியைச் சாய்வாகச் சீவி, கத்தி முனையால் பட்டையைத் தூக்கி, உள்ளே இறக்கினார். ரஃபியா நாரால் இறுக்கிக் கட்டி, வெட்டுவாயில் ஒட்டுமெழுகு பூசினார். சீவிய பக்கத்தில் அவர் விரல் ஒருதடவையும் படவில்லை. நான் அதை வெகுநேரம் கவனித்துக்கொண்டே இருந்தேன். மூன்று நான்கு ஆண்டில் இந்தக் கன்று காய்க்கும்.

விதைவேரின் பலத்தைப் பற்றி அவருக்கு அழுத்தமான நம்பிக்கை. ஆனால் 1985 ஜனவரியைப் பற்றிப் பேசும்போது குரல் மாறியது. ஃபிளாரன்ஸ் பக்கம் மைனஸ் 20 டிகிரிக்கும் கீழே போன அந்தக் குளிரில் டஸ்கனியின் தோப்புகள் மண்மட்டத்துக்குக் கருகின. வேர் பிழைத்துத் துளிர்த்தது. குச்சியில் வளர்ந்த மரங்கள் அதே ரகமாக எழுந்தன. ஒட்டு மரங்களிலோ ஒட்டுக்குக் கீழிருந்து பெயரில்லாத விதைக்கன்று எழுந்தது. மறுபடியும் ஒட்டவேண்டியிருந்தது. இந்தக் குறையை அவர் மறைக்கவில்லை.

இருந்தும் பெயரில்லாத அந்தக் கன்றுகளை வீண் என்று தள்ள எனக்கு மனமில்லை. தெற்கே புலியாவில் 2013-ல் கண்டறியப்பட்ட சைலெல்லா என்ற பாக்டீரியா பல லட்சம் ஆலிவ் மரங்களைக் காயவைத்துவிட்டது. அதைத் தாங்கி நிற்பதாகத் தெரியவந்த ரகங்கள் மிகக் குறைவு. ஒன்று லெச்சினோ. இன்னொன்று எஃப்.எஸ்.-17. இந்த இரண்டாவது, பெருஜியாவில் ஃபிரான்தோயோவின் விதைக்கன்றுகளிலிருந்து பொறுக்கி எடுக்கப்பட்டது. யாரோ ஒருவர் கொட்டைகளை விதைத்து, முளைத்த ஒவ்வொன்றையும் ஒட்டிவிடாமல் வளரவிட்டுப் பார்த்ததால் கிடைத்த மரம். இப்போது புலியாவில் ஆய்வாளர்கள் செத்த தோப்புகளின் ஓரங்களில், தானாக முளைத்துப் பச்சையாக நிற்கும் கன்றுகளைத் தேடி எடுத்துச் சோதிக்கிறார்கள்.