“பேரை மாத்திக் கேளுங்க, கிடைக்கும்!” - 53 வயதில் இணையம் பழகிய ஊர்ப்புற நூலகர்

ஊர் நூலகத்தில் உறுப்பினராக இருந்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகம் இருக்கும். இரண்டாம் பாகம் அட்டை கிழிந்து, பைண்டிங் போட்டு இருக்கும். மூன்றாம் பாகத்தை மட்டும் யாரோ எடுத்துப்போய்ப் பல மாதங்கள் ஆகியிருக்கும்.

மன்னார்குடியிலிருந்து டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம் போனால் வரும் அந்த ஊர்ப்புற நூலகத்திலும் இதே கதைதான். ஒரே ஹால். நடுவில் நீள மேசை, இரு பக்கமும் பெஞ்சுகள். சுவரோரம் ஸ்டீல் அலமாரிகள். வாசலில் வருகைப் பதிவேடு, அதோடு நூல் கட்டிய பேனா. 2022-ல் படம் வந்த நேரத்தில் மூன்றாம் பாகம் கேட்டுத் தினமும் யாராவது வந்தார்கள். நூலகரும் தினமும் ‘இல்லை’ என்றார்.

“இத்தனை வருஷத்துல நான் அதிகமா சொன்ன வார்த்தை அதாங்க. ‘இல்லை’, ‘வெளியில போயிருக்கு’, ‘அடுத்த வாரம் வந்து பாருங்க’... சொல்லிச் சொல்லி வாய் பழகிப்போச்சு” என்கிறார் அவர்.

வயது 53. பிளஸ் டூ, டைப்ரைட்டிங்கில் தமிழ் லோயர், நூலக அறிவியலில் சான்றிதழ் படிப்பு. எந்தப் புத்தகம் எந்த அலமாரியில், எந்த வரிசையில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். ஆனால், நூலகத்துக்குக் கணினி வந்த நாளில் அவருக்கு வந்தது சந்தோஷம் இல்லை, பயம்.

“தெரியாத பட்டனைத் தொட்டா எல்லாம் அழிஞ்சுடுமோன்னு பயம். அதைவிடப் பெரிய பயம் ஒண்ணு இருந்துச்சு. எல்லாப் புத்தகமும் இதுக்குள்ளயே இருக்குன்னா, இங்க நான் எதுக்கு?”

கொம்பு முதலிலா, கடைசியிலா?

முதல் வாத்தியார், கிரிக்கெட் பக்கம் பார்க்க வரும் பிளஸ் டூ பையன். “மேடம், மூணாம் பாகம் போன்லயே இருக்கே!” என்று எடுத்துக் காட்டியவனும் அவன்தான். கல்கியின் நூல்கள் நாட்டுடைமை ஆக்கப்பட்டவை. யார் வேண்டுமானாலும் பதிப்பிக்கலாம், இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம்.

படிப்பது இருக்கட்டும், தேடுவதற்கு முதலில் தமிழில் அடிக்க வேண்டுமே! அங்கேதான் விரல்கள் அடம்பிடித்தன. டைப்ரைட்டரில் ‘கொ’ என்று அடிக்க முதலில் கொம்பு, பிறகு ‘க’, கடைசியில் கால். கண்ணுக்குத் தெரியும் வரிசை அது. கணினியில் இருந்ததோ ‘தமிழ்99’ விசைப்பலகை. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி வந்த முறை. இதில் ‘க’ அடித்து ‘ஒ’ அடித்தால் ‘கொ’. காதில் விழும் வரிசை.

“முப்பது வருஷப் பழக்கம்... விரல் தானா கொம்பைத் தேடும். ஒரு வாரம் என் பேரையே தப்பாத்தான் அடிச்சேன்” என்று சிரிக்கிறார். பிறகு அதன் சூட்சுமம் பிடிபட்டது. 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம்... இந்த 31 விசைகளோடு புள்ளி விசையும் சேர்ந்தால் 247 எழுத்துகளும் அடக்கம். ‘அம்மா’ அடிக்க ‘ம’வை இரண்டு முறை தட்டினால் போதும், முதல் ‘ம’வுக்குப் புள்ளி தானாக விழும். “புள்ளி வைக்கிறதுகூட அதுவே பாத்துக்குது. அப்பத்தான், சரி, இது எனக்கு எதிரி இல்லைன்னு தோணுச்சு.”

அடுத்த சிக்கல், பழைய சி.டி-யில் இருந்த புத்தகப் பட்டியல். பல வருடங்களுக்கு முன்பு டவுன் டி.டி.பி சென்டரில் கொடுத்து அடித்தது. திறந்தால் தமிழே இல்லை. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்து கட்டி நின்றன. கெட்டுப்போய்விட்டது என்று நினைத்தார். உண்மையில் எதுவும் கெடவில்லை. அந்தக் காலத்தில் ஒவ்வோர் எழுத்துருவும் தமிழ் எழுத்துகளுக்குத் தனக்கென ஓர் இடம் வைத்திருந்தது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது கிறுக்கலாகத்தான் தெரியும். யூனிகோடு வந்த பிறகு எல்லாக் கருவிகளுக்கும் ஒரே கணக்கு. எழுத்துரு மாற்றி ஒன்றில் போட்டதும், கிறுக்கல் எல்லாம் புத்தகப் பெயர்களாக மாறின. அன்று இரவு வீட்டில் அவர் சமைக்கவில்லை. எல்லோருக்கும் பரோட்டா!

வேதாசலமும் மறைமலையும்

அதன் பிறகு வந்தாள் அந்தப் பெண். தொலைநிலைக் கல்வியில் எம்.ஏ தமிழ் படிப்பவள். இடுப்பில் கைக்குழந்தை.

“மேடம், மறைமலையடிகளோட ‘முல்லைப்பாட்டு ஆராய்ச்சியுரை’ வேணும். போன்ல தேடினேன், வர மாட்டேங்குது. தஞ்சாவூர் போய்ப் பாக்கலாம்னா, பாப்பாவை யார்கிட்ட விடுறது?”

நூலகத்திலும் அந்தப் புத்தகம் இல்லை. நூலகர் கணினி முன் உட்கார்ந்தார். ‘மறைமலையடிகள்’ என்று சேர்த்து அடித்தால் ஒரு பட்டியல், ‘மறைமலை அடிகள்’ என்று பிரித்து அடித்தால் வேறு பட்டியல். இரண்டிலும் கேட்டது இல்லை.

அப்போதுதான், சான்றிதழ் வகுப்பில் படித்தது நினைவுக்கு வந்தது. அட்டைப் பட்டியல் காலத்தில், ஓர் ஆசிரியருக்கு இரண்டு பெயர் இருந்தால் இரண்டுக்கும் அட்டை எழுதுவார்கள். ஓர் அட்டையில், அந்த இன்னொரு பெயரைக் ‘காண்க’ என்று இருக்கும். தனித்தமிழில் பெயரை மாற்றிக்கொள்வதற்கு முன்பு மறைமலையடிகளின் பெயர் வேதாசலம். ‘முல்லைப்பாட்டு ஆராய்ச்சியுரை’ முதலில் வந்தது 1903-ல். பெயர் மாற்றம் 1916-ல்.

‘வேதாசலம்’ என்று அடித்தார். கிடைத்தது.

“அந்தப் பொண்ணு, ‘எப்படி மேடம்?’னு கேட்டுச்சு. எனக்கு ஒரு நிமிஷம் பேச்சே வரலைங்க. கம்ப்யூட்டர்ல புத்தகம் இருக்கு. ஆனா எந்தப் பேர்ல இருக்குன்னு எனக்குத்தானே தெரிஞ்சுது!”

‘இங்க நான் எதுக்கு?’ என்ற கேள்விக்கு அவருக்குக் கிடைத்த பதில் இதுதான். இணையத்தில் கோடிக்கணக்கில் பக்கங்கள் இருக்கின்றன. ஆனால், ஏற்றியவர் என்ன பெயரில் ஏற்றினாரோ அந்தப் பெயரில் கேட்டால்தான் பல இடங்களில் கதவு திறக்கிறது. சாமிநாதையரா, சாமிநாத ஐயரா, உ.வே.சா-வா? திரு.வி.க-வா, கலியாணசுந்தரனாரா, கல்யாணசுந்தர முதலியாரா? புதுமைப்பித்தனா, சொ.விருத்தாசலமா? வாசகர் ஒரு முறை தேடுவார், வரவில்லை என்றால் விட்டுவிடுவார். நாலு பெயரில் தேடிப் பார்க்க ஓர் ஆள் வேண்டும்.

அன்றிலிருந்து ஒரு நீள நோட்டுப் போட்டிருக்கிறார். இடப்பக்கம் ஆசிரியர் பெயர், வலப்பக்கம் அந்தப் பெயரை எப்படியெல்லாம் எழுதுவார்கள் என்ற பட்டியல். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தமிழ் மின்நூலகம், ஐ.ஐ.டி கரக்பூர் நடத்தும் தேசிய மின்நூலகம், ஈழத்து நூல்களுக்கு ‘நூலகம்’ தளம் என எங்கே எது கிடைக்கும் என்ற குறிப்பும் உண்டு. பக்கத்து ஊர் நூலகர்கள் அந்த நோட்டைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொள்கிறார்கள்.

எதைத் தர மாட்டேன் என்பதிலும் அவர் கறார். புதிதாக வந்த நாவலின் பி.டி.எஃப் கேட்டு வருபவர்களுக்கு ஒரே பதில்: “எழுதினவங்க சாப்பிட வேணாமா? வாங்கிப் படிங்க, இல்ல நூலகத்துக்கு வர்ற வரைக்கும் பொறுங்க.” இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் வரை நூலுக்குப் பதிப்புரிமை உண்டு. நாட்டுடைமை ஆனவற்றுக்கு மட்டும் அந்தக் காத்திருப்பு இல்லை. இந்தக் கணக்கையும் நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்.

தபால்கார ஐயாவின் கண்கள்

நூலகத்தின் பழைய உறுப்பினர்களில் ஒருவர், ஓய்வுபெற்ற தபால்காரர். வயது 76. ஒருநாள்கூடத் தவறாமல் வருவார், பேப்பரை விரிப்பார். கொஞ்ச நாளாக ஒரே பக்கம் வெகு நேரம் விரிந்தே இருந்ததை நூலகர் கவனித்தார். எடுத்துப்போன புத்தகத்தையும் படிக்காமலே இரண்டு முறை தவணை நீட்டியிருந்தார்.

“ஐயா, படிக்க முடியலையா?”

“கண்ணுல நீரழுத்தமாம்மா. நடுவுல தெரியுறது ஓரத்துல தெரியல. டாக்டர், இருக்கிறதைக் காப்பாத்திக்கலாம், போனது வராதுன்னுட்டார். வீட்ல சொன்னா லைப்ரரிக்குப் போக வேணாம்பாங்க. அதான் சொல்லல.”

நூலகர் முதலில் ஒரு பி.டி.எஃப் நூலைத் திறந்து பெரிதாக்கிக் காட்டினார். வரி திரையைத் தாண்டி ஓடியது. ஒவ்வொரு வரிக்கும் இழுத்து இழுத்துப் படிக்க அவரால் முடியவில்லை. போனை வாசிக்கச் சொன்னால், அதற்கும் வாய் திறக்கவில்லை. காரணத்தைச் சொன்னது அதே பிளஸ் டூ பையன்தான். “மேடம், அது போட்டோ. பக்கத்தைப் படம் பிடிச்சு வச்சிருக்காங்க. அதுல இருக்கிறது எழுத்துன்னே போனுக்குத் தெரியாது.”

அப்படியென்றால் எழுத்தாகவே இருக்கும் நூல்கள் எங்கே? தேடியதில் கிடைத்தது ‘மதுரைத் திட்டம்’. 1998 பொங்கல் நாளில் தொடங்கி, உலகம் முழுக்க உள்ள தன்னார்வலர்கள் தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து, பிழை திருத்தி, இலவசமாக வைத்திருக்கும் தளம். எழுத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் திரைக்குள்ளேயே மடங்கி நிற்கும். போனும் அதை வாசித்துக் காட்டும்.

இப்போது மாலை நேரத்தில் அரை மணி நேரம் ‘பொன்னியின் செல்வன்’ ஓடுகிறது. ஏற்ற இறக்கம் இல்லாத குரல். வந்தியத்தேவன் பேசினாலும் நந்தினி பேசினாலும் ஒரே மாதிரிதான். “ஸ்கூல் பையன் பாடம் ஒப்பிக்கிற மாதிரி இருக்கு. போகட்டும், வரியை முழுங்காம ஒப்பிக்குதே!” என்கிறார் தபால்கார ஐயா. பார்வை திரும்பவில்லை, திரும்பப் போவதும் இல்லை. ஆனால், வீட்டில் இப்போது உண்மையைச் சொல்லிவிட்டார். பேத்தி கையைப் பிடித்துக் கூட்டி வந்து விட்டுவிட்டு, சிறுவர் புத்தகம் ஒன்றை எடுத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறாள்.

வண்டி மாடு முதல் வாட்ஸ்அப் வரை

நூலகத்துக்குப் புதுக் கருவி ஒன்றும் புதிதல்ல. இதே மன்னார்குடி வட்டாரத்தில்தான், 1931-ல் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார்கள். அன்றைக்கு அதுதான் புதுத் தொழில்நுட்பம். ‘நூலக அறிவியலின் தந்தை’ எனப்படும் சீர்காழிக்காரர் எஸ்.ஆர்.ரங்கநாதன் தன் ஐந்து நூலக விதிகளைப் புத்தகமாக வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். வாசகரின் நேரம் வீணாகக் கூடாது என்பதும், நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் ஓர் உயிர் என்பதும் அந்த விதிகளில் வருகின்றன. அவரும் பிறவி நூலகர் இல்லை. 30 வயதைக் கடந்த கணித ஆசிரியர். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் வேலைக்கு வந்து, முதலில் சலித்து, மறுபடி வகுப்பறைக்கே போய்விட நினைத்தவர். லண்டன் போய்ப் பழகிக்கொண்டு வந்த பிறகுதான் தொழில் பிடித்தது.

“அவருக்கே அப்படின்னா, எனக்கு ஒரு வருஷம் ஆனதுல தப்பில்ல” என்கிறார் நூலகர். மூன்றாம் பாகம் இருக்க வேண்டிய இடத்தில் இப்போது ஒரு கெட்டி அட்டை நிற்கிறது. அதில் க்யூஆர் கோடு. போனைக் காட்டினால் புத்தகம் திறக்கும்.

ஆனாலும் அவருக்கு ஒரு கவலை பாக்கி இருக்கிறது. வாசலில் இருக்கும் பதிவேட்டில், வந்து கையெழுத்துப் போட்டவர்கள்தான் கணக்கு. வீட்டிலிருந்தே போனில் புத்தகம் வாங்கிக்கொண்ட கைக்குழந்தைக்காரி அதில் இல்லை. மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால், வேலை கூடியிருக்கிறது, எண்ணிக்கை குறைந்திருக்கிறது.

அதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார். போனில் கேட்டவர்களின் பெயர், கேட்ட புத்தகம், கிடைத்ததா இல்லையா என்று தனியாக ஒரு நோட்டு. “இதை இதுவரைக்கும் யாரும் கேக்கலைங்க. ஆனா ஒருநாள் கேட்டா, எடுத்துக் காட்ட நம்மகிட்ட இருக்கணும்ல?”

நாம் கட்டும் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்தே வசூலாகிறது. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டமான 1948-ம் ஆண்டுச் சட்டம் செய்த ஏற்பாடு அது. ஆக, உங்கள் ஊர் நூலகத்துக்கு நீங்கள் ஏற்கெனவே பணம் கட்டியாயிற்று. வெகுநாளாகத் தேடும் புத்தகம் ஒன்றின் பெயரை எழுதிக்கொண்டு இந்த வாரம் ஒருநடை போய்க் கேளுங்கள். திரும்பும்போது, வாசலில் இருக்கும் பதிவேட்டில் ஒரு கையெழுத்துப் போட மறக்காதீர்கள்!